ஐந்து நாள் பள்ளியும் இரண்டு நாள் தனிமையும்



கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து, நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள் இப்பகுதிக்குக் கடிதம் ஒன்று விடுத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, வேலைக்குக் காத்திருக்கும் பெண். "அண்ணா, கொரியா நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டவரை அழைக்கிறார்களாமே! அங்கே போனால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? சனி, ஞாயிறுகளில் துணைக்கு யார் இருப்பார்கள் என்று அம்மா கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?" என்று எழுதியிருக்கிறாள்.

நாம் பத்தாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டு, புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் எழுத்தர், கடல் கடந்தவரல்லோம். ஆயினும் அந்தத் தாயின் கேள்வியை மெச்சாமல் இருக்க இயலவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேளாமல், ஞாயிற்றுக்கிழமைக்குத் துணை யார் என்று கேட்டார்களே, அதுவன்றோ அறிவு! வேற்று மொழி வழங்கும் ஊரில் ஆசிரியராக வாழப் போகும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கு விடை கொரியாவிலும் உண்டு. நம் மலைகளிலும் உண்டு.

முதலில் கொரியாவைப் பார்ப்போம். தென்கொரிய அரசு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரைத் தன் பள்ளிகளுக்கு வரவழைக்கும் திட்டத்தை 1995ஆம் ஆண்டில் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்னும் ஏழு நாட்டினரே அதில் பெரிதும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். 2010 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தம், பட்டமும் ஆசிரியத் தகுதியும் உள்ள இந்தியருக்கும் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகச் செல்ல ஒரு வாயிலைத் திறந்தது. வாயில் திறந்திருக்கிறது என்பதனால் வரவேற்பு உறுதி என்று எண்ணிவிடலாகாது. பணம் கேட்கும் இடைத்தரகரை நாடாமல், சென்னையிலுள்ள கொரியத் துணைத் தூதரகத்தில் நேரே கேட்டறிதல் நலம்.

அங்கே அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வாரத்தில் 22 பாட வேளை. வகுப்பில் கொரிய ஆசிரியர் ஒருவர் உடன் நிற்பார்; எஞ்சிய நேரமும் பள்ளியில் தம் மேசையிலேயே இருத்தல் வேண்டும். வெளிச்செருப்பை வாயிலில் விட்டு, உள்ளே வேறு காலணி அணிவது வழக்கம். நண்பகலில் ஆசிரியரும் மாணவரும் பள்ளியிலேயே சோறும், சாறும், கிம்ச்சி எனப்படும் காரமான ஊறுகாயும் உண்பர். மூத்தவரிடம் ஒன்றைக் கொடுப்பதும் வாங்குவதும் இரு கைகளால். முதன்முறை காணும்போதே வயதைக் கேட்பார்கள். அது துருவிக் கேட்பதன்று. நாம் நீ, நீர், நீங்கள் என்று ஆளறிந்து பேசுவது போல, அவர்கள் மொழியிலும் வயதறிந்தே வினைச்சொல்லின் முடிவு மாறும். இவையெல்லாம் நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு திங்களில் பழகிப்போகும்.

பழகாதது ஒன்று உண்டு. சனிக்கிழமையும் கொரியப் பள்ளிகளுக்கு முழு விடுமுறை என்பது 2012 முதல் எங்கும் நடைமுறைக்கு வந்தது. அவ்விரு நாளில் அந்நாட்டார் குடும்பத்தோடும் தோழரோடும் மலையேறச் செல்வர். சியோல் நகரின் வடக்கே நிற்கும் பூக்கன்சான் மலையில் விடுமுறை நாள்களில் கூட்டம் நிறையும். பிள்ளைகளோ, பள்ளி முடிந்த பின்னும் தனிப்பயிற்சி நிலையங்களுக்கு ஓடுபவர்கள். வெளிநாட்டு ஆசிரியர் ஓர் அறை வீட்டில், மொழி தெரியாத தெருவைச் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒப்பந்தம் ஓராண்டுக்கு ஒருமுறை எழுதப்படுவது. அவ்வாண்டின் முடிவில் தங்குவதா, திரும்புவதா என்பதை அவர் முடிவு செய்வது பெரும்பாலும் அந்தச் சாளரத்தருகில்தான் என்பது நம் துணிபு.

தங்கியவர் ஒருவரின் வரலாறு சொல்லத் தக்கது. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்க இளைஞர், கொரிய அரசர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்கு ஆசிரியராக 1886ஆம் ஆண்டில் சியோல் சென்றார். ஆங்கிலம் கற்பிக்கப் போனவர் கொரிய மொழியைக் கற்றார். சில ஆண்டுகளில் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் எழுத்திலேயே உலகப் புவியியல் நூல் ஒன்று எழுதினார். ஜப்பானியர் அந்நாட்டை விழுங்க முற்பட்டபோது கொரியர் பக்கம் நின்று உலகத்தாரிடம் வழக்குரைத்தார். 1949இல், முதுமையில், மீண்டும் கொரிய மண்ணுக்கு வந்து சில நாள்களிலேயே அங்கு உயிர் நீத்தார். சியோலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு இன்னொரு வகையிலும் அவர் உறவினர். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். கொரியக் குழந்தை தந்தையை 'அப்பா' என்றே அழைக்கிறது. நாளை 'நல்' என்கிறது. புல்லுக்கும் ஏறத்தாழ நம் சொல்லே. இவற்றைக் கொண்டு இரு மொழிகளும் உடன்பிறப்பு என்று மொழிநூலார் ஒப்புவதில்லை. சொல் ஒற்றுமை பேசிச் சிறிது நேரம் மகிழலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை அது போட்டுவிடாது. அதற்கு ஒரு வீட்டார் கதவைத் திறந்து "வாருங்கள்" என்று அழைக்க வேண்டும்.

இங்கேதான் நம் மலைப்பக்கம் நினைவுக்கு வருகிறது. கடல் கடக்காமலே இவ்வாழ்க்கையை நடத்துவோர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கு மலையாளம் கற்பிக்கத் தெற்கு மாவட்டங்களிலிருந்தும் நடு மாவட்டங்களிலிருந்தும் வந்து, தோட்டப் பள்ளிகளின் அருகே அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஆசிரியர்களையே சொல்கிறோம். அரசு ஆணைப்படி அவர்கள் அயல் மாநிலத்தாரல்லர். அவர்கள் மாநிலத்தில்தான் நாமும் இருக்கிறோம். ஆயினும் லயத்து வீடுகளின் நடுவே, நாற்புறமும் தமிழே ஒலிக்கும் இடத்தில், அவர்களே அயலார்.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை இளைய வாசகர் அறிந்திருத்தல் வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழியே மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. தமிழர் மிகுந்த சிற்றூர்ப் பகுதியும் அவ்வாறே. அதுவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தைச் சேர்ந்தது. இடுக்கி தனி மாவட்டமானது 1972 ஜனவரி 26ஆம் நாள். சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350 அ பிரிவு கூறுகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, பத்தாம் வகுப்பு வரை பள்ளிகளில் மலையாளம் கற்பிக்கப்படுதல் கட்டாயம் என்றது. ஆக, நம் பிள்ளைக்குத் தமிழ் உரிமை, மலையாளம் தேவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதற்கில்லை.

இனி, சீட்டுக் கொடுக்கும் சாளரத்தின் வழியே நாம் காண்பதைச் சொல்கிறோம். வெள்ளிக்கிழமை மாலையில் தெற்கே செல்லும் வண்டிகளுக்கு வரிசையில் நிற்போரில் ஆசிரியர்களை நாம் கண்டவுடனே அறிவோம். தோளில் பை, அதில் திருத்த வேண்டிய ஏடுகள், முகத்தில் வீடு திரும்பும் விரைவு. அவர்களில் சிலர் ஞாயிறு இரவு திருவனந்தபுரத்தில் அமிர்தா விரைவு வண்டி ஏறி, திங்கள் விடியற்காலையில் பாலக்காட்டில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே கிழக்கேயுள்ள பள்ளிக்குப் பேருந்து ஏறுவர். இடுக்கிப் பக்கத்தாருக்கு அந்த வசதியும் இல்லை. மூணாற்றின் மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908 முதல் ஓடிய சிறு இருப்புப் பாதை 1924 வெள்ளத்தில் அழிந்துபோனபின், அம்மலைகள் புகைவண்டியைக் காணவில்லை. ஆலுவா நிலையத்தை அடையவே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் மலைவழியில் பேருந்தில் குலுங்க வேண்டும். எனவே அங்குள்ள ஆசிரியர் பல வாரங்களில் ஊருக்குப் போவதில்லை. இரண்டு நாளும் அறையிலேயே.

தோட்டத்தில் சனிக்கிழமை அவர்களுக்கு ஞாயிற்றினும் கொடியது. பள்ளி இல்லை, ஆனால் தொழிலாளருக்கு வேலை உண்டு. காலையில் கூடையும் தலைத்துணியுமாக அனைவரும் மலையேறிவிட, லயம் வெறிச்சோடிக் கிடக்கும். பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் மரம் தெரியாது. கைப்பேசிக்கும் சில இடங்களில் இணைப்புக் கிட்டாது. அந்த நாளில்தான் இடமாற்ற விண்ணப்பம் எழுதப்படுகிறது.

நம் தமக்கை தேவிகுளம் வட்டத்துத் தோட்டமொன்றில் கொழுந்து கிள்ளுபவள். அவள் வீட்டருகே உள்ள தமிழ்வழிப் பள்ளிக்கு மூன்றாண்டில் நான்கு மலையாள ஆசிரியர் வந்து போயினர். இடையிடையே சில திங்கள் எவருமில்லை. புதிதாய் வந்த ஒவ்வொருவரும் முதல் எழுத்திலிருந்தே தொடங்கினர். பாடநூலின் பின்பாதி திறக்கப்படவேயில்லை. அக்காலத்தில் அங்குப் படித்தவள் தமக்கையின் மூத்த மகள். பத்தாம் வகுப்பில் நன்றாகத் தேறினாள். ஆனால் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற அன்று, எந்த வரிசை எதற்கென்று மலையாளப் பலகையைப் படிக்க இயலாமல் தவறான வரிசையில் நண்பகல் வரை நின்றாள். மருத்துவர் எழுந்து போய்விட்டார். ஒரு நாள் கூலியும் போயிற்று; பாட்டியின் காய்ச்சலும் தீரவில்லை. அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்புவதற்கோ, நிரப்பிக் கொடுப்பவருக்குக் கூலி கொடுத்தாள்.

ஐந்தாவதாக வந்தவர் ஓர் ஆசிரியை, கடற்கரை மாவட்டத்தவர். வந்த முதல் வாரமே ஒரு செய்தியைக் கண்டுகொண்டார். தமிழ்ப் பிள்ளைக்குக் ககரம் ஒன்றே, மலையாளத்திலோ நான்கு. 'முகம்' என்று நம் பிள்ளை முதல் ககரத்தால் எழுதுகிறான். அங்கே அது இரண்டாம் ககரம். முன்வந்தவர்கள் அதைச் சோம்பல் என்று கண்டித்தனர். இவர் அதை மொழியின் வேறுபாடு என்று அறிந்து, பிள்ளைகளின் உள்ளங்கையை வாயின் முன் வைக்கச் சொல்லி, மூச்சுப் படுகிறதா, படவில்லையா என்று காட்டிக் கற்பித்தார்.

அவர் பேசிய தமிழோ பிள்ளைகளுக்கு விருந்தாயிற்று. மலையாளத்தில் அவன், அவள், அவர் மூவருக்கும் வினைச்சொல் ஒன்றே. நம் தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என்று பிரித்தாக வேண்டும். "உங்கள் பாட்டி வந்தானோ?" என்று அவர் கேட்க, வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் சினக்கவில்லை. "எனில், எப்படிச் சொல்ல வேண்டும்? நீங்கள் எனக்குப் படிப்பிக்கணும்" என்றார். அன்று முதல் தினமும் ஐந்து நிமிடம் பிள்ளைகள் ஆசிரியர், அவர் மாணவி. தமக்கையின் இளைய மகள் அக்காலத்தில் இரண்டாம் வகுப்பு. "டீச்சருக்கு நான்தான் 'வந்தாள்' சொல்லிக் கொடுத்தேன்" என்று இன்றும் பெருமை பேசுவாள்.

எனினும், வகுப்பு இனித்தால் மட்டும் ஆசிரியர் தங்கிவிடுவாரோ? இரண்டாம் ஞாயிறு அன்று தமக்கையின் மாமியார் பள்ளிக்கூடத்து அறை வாயிலில் போய் நின்றார். "ஒத்தையிலே பொங்கிச் சாப்பிடுறது ஒரு சாப்பாடா டீச்சர்? நம்ம வீட்டுக்கு வாங்க" என்று கையோடு அழைத்து வந்தார். இலையில் சோறு விழும்போது ஆசிரியை கைகாட்டி, "சகலம் மதி அம்மே" என்றார். அப்பக்கத்து மலையாளத்தில் அதற்குக் 'கொஞ்சம் போதும்' என்று பொருள். நம் பாட்டிக்கோ, சகலம் என்றால் எல்லாம்! "பாவம், என்ன பசியோ" என்று சட்டியையே சரித்துவிட்டார். உண்மை விளங்கியபின் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்களாம். பிறகு ஞாயிறுகளில் ஒரு வீடு மாறி ஒரு வீடு அவரை அழைத்தது. சனிக்கிழமைகளில் லயத்துப் பிள்ளைகள் அவர் திண்ணையில் கூடின. அங்கே பாடம் இல்லை. கதை மட்டுமே, இரு மொழியிலும்.

அவர் ஆறாண்டு தங்கினார். இடமாற்றத்துக்கு உரிமை வந்த பின்னும் இரண்டாண்டு விண்ணப்பம் போடவில்லை. ஊரில் தாய் நோயுற்ற பின்னரே சென்றார்; அது குறையன்று, கடமை. இன்று அந்த லயத்துக்கு வரும் மலையாளத் தாள்களையெல்லாம் படித்துச் சொல்பவள் அந்த இளைய மகளே. அவள் தமிழ் குறைந்துவிடவில்லை. பள்ளித் தமிழ்க் கட்டுரைப் போட்டியில் பரிசும் பெற்றாள். ஒரே வீடு, ஒரே பள்ளி. அக்காள் வரிசையில் நின்று தோற்றாள். தங்கை லயத்துக்கே கண்ணானாள். இடையே இருந்த வேறுபாடு, ஆசிரியர் ஒருவர் நிலைத்திருந்ததுதான்.

இதைச் சங்கக் கூட்டமொன்றில் நாம் சொன்னபோது, பெரியவர் ஒருவர் எழுந்து, "நம் பிள்ளைகளைத் தமிழிலிருந்து பிரிக்க வருகிறவர்களுக்கா விருந்து வைப்பது, தம்பி?" என்று கேட்டார். அவர் அச்சம் பொருளற்றதன்று. தமிழ்வழி வகுப்பில் பிள்ளைகள் குறைவதையும், தமிழ்ப் பாடநூல் காலந்தாழ்ந்து வருவதையும் கண்டு மனம் நொந்தவர் அவர். அக்குறைகளைத் தமிழிலேயே எழுதி, கையெழுத்திட்டு, கல்வித் துறைக்கு அனுப்புவோம். அது நம் உரிமை. ஆனால் துறையோடு உள்ள வழக்கை ஓர் அறையில் தனித்திருக்கும் ஆசிரியையின் மீது தீர்த்துக்கொள்வது நேர்மையாகுமா? சட்டம் இயற்றியவர் அவரல்லர். அவர் முகத்தில் கதவைச் சாத்தினால் தமிழ் வளர்ந்துவிடாது. பிள்ளையின் மலையாளம்தான் முதல் எழுத்திலேயே நின்றுவிடும்.

இந்நாட்டில் மொழிப்பணி புரிந்த வெளிநாட்டாருள் பெரியவர்களும் கற்றுக்கொண்டே கற்பித்தவர்கள். மலையாள அகராதியை 1872இல் வெளியிட்ட ஜெர்மானியரான ஹெர்மன் குண்டர்ட், 1836இல் வந்திறங்கியது சென்னையில். இங்கு வந்தபின் தமிழ் கற்றார். பின்னர் தலைச்சேரி சென்று மலையாளத்துக்குத் தொண்டாற்றினார். ஒரு மொழியை அறிந்தவர் மற்றொன்றுக்குப் பகையாவதில்லை என்பதற்கு அவரே சான்று.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில சொல்ல விழைகிறோம். புதிய ஆசிரியர் வந்தால் முதல் வாரத்திலேயே, கடை எங்கே, பால் எங்கே, பேருந்து எப்போது என்று ஒருவர் சென்று சொல்லுதல் நன்று. பெண்ணாயின் தாழ்ப்பாள் உறுதியான அறை கிடைத்ததா என்று நம் பெண்களே பார்த்தறிய வேண்டும். திங்களில் இரு ஞாயிறு அழைத்தால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் இழுத்தால் அதுவும் தொல்லையாகும். துணி துவைக்கவும் தூங்கவும் அவருக்கும் ஒரு நாள் வேண்டாமா? சாதி, மதம், திருமணம் இவற்றைத் துருவுதல் வேண்டா. சோற்றுக்கு அழைத்துவிட்டு விண்ணப்பக் கட்டை எடுத்து நீட்டுதலும், பிள்ளையின் மதிப்பெண்ணைப் பேசுதலும் விருந்தாகா. அவர் தமிழில் தடுமாறினால் சிரிக்கலாம். அவரும் சேர்ந்து சிரிக்கும்படி சிரிக்க வேண்டும்.

கடிதம் எழுதிய தங்கைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. போக வாய்ப்புக் கிடைத்தால் அஞ்சாமல் போ, அம்மா. போகுமுன் அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொள். பதினைந்தாம் நூற்றாண்டில் சேசோங் மன்னர், எளிய மக்களும் விரைவில் படிக்கும்படி ஆக்கிய எழுத்து அது. 'காப்பி'யை அவர்களும் நம்மைப் போலவே பகரமிட்டுத்தான் சொல்வார்கள். ஆங்கிலத்து ஒலி வரவில்லையே என்று அவர்களைக் கடிந்துகொள்ளாதே. உன் பிழையைத் திருத்தும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடு. சனிக்கிழமை எவரேனும் மலையேற அழைத்தால், களைப்பென்று மறுக்காமல் புறப்படு. உன் தாய் கேட்ட கேள்விக்கு விடை அந்த அழைப்பில் இருக்கும்.

ஜூன் திங்களில் நம் பள்ளிகள் திறக்கின்றன. மலையேறும் பேருந்துகளில் புதிய முகங்கள் சில வந்திறங்கும். அவர்களுக்கு ஆணை கொடுத்தனுப்புவது அரசு. இருக்கச் செய்வது நாம். முதல் ஞாயிறு யார் வீட்டில் என்பதை லயத்துப் பெரியவர்கள் இப்போதே பேசி வைத்துக்கொள்வார்களாக.

அடுத்த திங்கள் சந்திப்போம்.